ராகவா என்று கூப்பிடும் இடம்

பேசக் கூடாது. காலையில் டாக்டர் சொன்னதிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை. வியாழக்கிழமை கத்தி வைக்கிற வரைக்கும் பேசக் கூடாது, வைத்த பிறகு மூன்று மாசம் பேசக் கூடாது, அதற்கப்புறம் குரல் பழையபடி வருமா என்று தம்பி சபாபதி கேட்டதற்கு அவர் மேஜையிலிருந்த பஞ்சை எடுத்துக் கையைத் துடைத்துக்கொண்டார். நெற்றியில் வட்டக் கண்ணாடி கட்டியிருந்தார். என் நாக்கைத் துணியால் பிடித்து வெளியே இழுத்து வைத்துக்கொண்டு, "ஆ சொல்லுங்கோ" என்றார். சொன்னேன். "இன்னும் நன்னா." சொன்னேன். டாக்டர், ஜனங்கள் டிக்கெட் வாங்கி உட்கார்ந்து கேட்கிற ஆ இது, இந்த ஆவுக்குத்தான் சாயங்காலம் சபாவில் எனக்குக் கோப்பை கொடுக்கிறார்கள் என்று சொல்லத் தோன்றியது; நாக்கு அவர் கையில் இருந்தது. தொண்டைக்குள் இரண்டு நரம்பு, வீணைத் தந்தி மாதிரி, அதில் ஒன்றின் ஓரத்தில் மிளகு அளவுக்கு ஒரு பரு. "இவா என்ன பண்றா?" என்று சபாபதியைப் பார்த்துக் கேட்டார். "நாடகத்துல நடிக்கிறாங்க" என்று அவன் வழக்கம்போலக் குரலைத் தாழ்த்திச் சொன்னான். "அதான். கத்திக் கத்தி வந்தது. இனிமே ஒரே ஒரு தடவை பலமாக் கத்தினாக்கூடப் போறும், கிழிஞ்சு ரத்தம் கட்டிடும். அப்புறம் நான் கத்தி வெச்சும் பிரயோஜனமில்லே." கத்தி, கத்தி. அவர் சொன்ன இரண்டு கத்தியும் எனக்கு ஒன்றாகவே காதில் விழுந்தது. திரும்பி வரும்போது ரிக்‌ஷாவில் சபாபதி, "விழாவுக்குப் போகாதேக்கா, உடம்பு சரியில்லைன்னு சொல்லி அனுப்பிச்சிரலாம்" என்றான். போகாவிட்டால் உடம்புக்கு என்ன என்று கேட்பார்கள். கேட்டால் ஒருவன் இல்லாவிட்டால் ஒருவன் கண்டுபிடிப்பான். பாக்கியத்துக்குத் தொண்டை போய்விட்டது என்று ஒரு வாய் சொன்னால் போதும், நான் நடிக்கிற அத்தனை ட்ரூப்பும் மறுநாளே வேறு ஆள் பார்த்துவிடும். அதனால் தலையை மட்டும் ஆட்டினேன். வந்துவிட்டேன். வந்து உட்கார்ந்தும் விட்டேன், முன்வரிசையில், பிரம்பு நாற்காலியில், அரக்குக் கலர் பட்டுப் புடவையில், வேர்த்துக்கொண்டு.

சிரித்தால் போதும் போலிருக்கிறது. வாசலில் பன்னீர் தெளித்த பெண்ணுக்குச் சிரித்தேன், சந்தனப் பேலாவை நீட்டியவருக்குச் சிரித்தேன். செகரட்டரி பஞ்சாபகேசன் ஓடி வந்து, "வாங்கோ வாங்கோ பாக்கியம்மா, இந்த வருஷம் உங்க பேரைச் சொன்னப்போ கமிட்டியில ஒருத்தர் வாயத் தொறக்கலே, ஏகமனதா முடிஞ்சுது" என்றார். அதற்கும் சிரித்தேன். "என்ன அடக்கம் பாருங்கோ" என்று பக்கத்திலிருந்தவரிடம் சொல்லிக்கொண்டே போனார். இத்தனை வருஷம் பேசிப் பேசி வாங்காத நல்ல பெயரை ஒரு பொழுது பேசாமல் இருந்து வாங்கிவிட்டேன். மேலே தகரக் கூரை, வெயில் போன பிறகும் அந்தச் சூடு போகவில்லை. மின்விசிறி சுற்றுகிறது, சத்தம்தான் வருகிறது, காற்று பின்னால் யாருக்கோ போகிறது. மேடையில் நீலத் திரை, அதில் ஜிகினாவில் 'ஆண்டு நாடகப் பரிசு விழா 1957' என்று ஒட்டி, ஐம்பத்தேழில் ஏழு மட்டும் கொஞ்சம் தொங்கிக்கொண்டிருக்கிறது. அதை யாராவது அமுக்கி ஒட்டமாட்டார்களா. கண்ணை மூடிக்கொள்ளலாம் என்று பார்த்தால், "நவுந்து உக்காரு பாக்கியம்" என்று குரல். ஜெயமணி. என் பக்கத்து நாற்காலி ஜெயமணிக்கா? பஞ்சாபகேசனுக்கு விவரமே போதாது. இந்தப் பட்டணத்தில் அம்மா வேஷம் என்றால் ஒன்று நான், இல்லை அவள். எனக்கு வராத அம்மா அவளுக்குப் போகும், அவளுக்கு வராத அம்மா எனக்கு வரும். இரண்டு பேருக்கும் முப்பது ஆவதற்கு முன்னாலேயே தலையில் வெள்ளை பூசிவிட்டார்கள். இப்போது பூச வேண்டியதில்லை. எனக்கு மகனாக நடிக்கிற வரதன் என்னைவிட இரண்டு வயசு பெரியவர், இன்ஷூரன்ஸ் கம்பெனியில் ஆபீசர். ஞாயிற்றுக்கிழமை மட்டும் என் காலில் விழுந்து அழுவார், திங்கட்கிழமை பஸ் ஸ்டாண்டில் பார்த்தால் பேப்பரைத் தூக்கி மூஞ்சியை மறைத்துக்கொள்வார். தப்பாகச் சொல்லவில்லை, நல்ல மனுஷர்தான், ஆபீஸ்காரர்கள் கூட இருப்பார்கள். ஜெயமணி உட்கார்ந்ததும் வெற்றிலைப் பெட்டியைத் திறந்தாள். "போடறியா?" வேண்டாமென்று தலையாட்டினேன். "என்ன, வாயில முத்தா வெச்சிருக்கே? கோப்பை கிடைக்கப் போவுதுன்னா பேச்சும் நின்னு போச்சா?" சிரித்தேன். அவளிடம் மட்டும் இந்தச் சிரிப்புச் செல்லாது. சுண்ணாம்பைத் தடவிக்கொண்டே என் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் கழுத்தைப் பார்த்தாள். நான் முந்தானையை இழுத்துக் கழுத்தோடு போர்த்திக்கொண்டேன்.

கடவுள் வாழ்த்து முடிந்தது. தலைவர் எழுந்தார், ரிடையர்ட் ஜட்ஜ், நாடகக் கலை என்பது என்று ஆரம்பித்தார், கிரேக்க தேசத்துக்குப் போய்விட்டார், அங்கிருந்து எப்போது திருவல்லிக்கேணிக்கு வந்து சேருவாரோ. எச்சில் விழுங்கினால் வலிக்கிறது. விழுங்காமல் இருக்கலாம் என்றால் அதையே நினைத்துக்கொண்டிருப்பதால் வாயில் எச்சில் ஊறுகிறது. மிளகு. ஒரு மிளகை நாக்குக்கு அடியில் வைத்துக்கொள், தொண்டைக்கு நல்லது என்று எத்தனை பேருக்கு நானே சொல்லியிருக்கிறேன். அது இறங்கிப் போய் அங்கேயே உட்கார்ந்துவிட்டது. எப்போது ஆரம்பித்தது? போன மழைக்கா, அதற்கும் முன்னாலா? 'அடுத்த வீட்டு விளக்கு' போட ஆரம்பித்த பிறகுதான். வரதனே எழுதி வரதனே நடிக்கிற நாடகம். நான் ஒரு பெரிய வீட்டில் சமையல்காரி. கிராமத்தில் விட்டுவந்த மகன் படித்துப் பெரிய உத்தியோகத்தில் இருக்கிறான். அந்த வீட்டுப் பெண்ணைத்தான் பார்க்க வருகிறான், அவர்களிடம் தனக்கு அம்மா இல்லை என்று சொல்லி வைத்திருக்கிறான். காபி கொண்டு போய் வைக்கிறேன், பார்க்கிறான், பார்க்காதது மாதிரித் தம்ளரை எடுத்துக்கொள்கிறான். எல்லாரும் போகிறார்கள். அவன் கடைசியாக வாசல்படி தாண்டுகிறான். சமையலறைக் கதவில் நின்று நான் கூப்பிட வேண்டும், "ராகவா!" என்று. அவ்வளவுதான், ஒரு பேர். அவன் திரும்பாமல் அப்படியே நிற்பான், படுதா விழும். முதல் தடவை போட்ட அன்றைக்கு அந்த இடத்தில் மைக் செத்துப்போய்விட்டது. உதட்டை அசைத்த மாதிரிதான் எனக்கே இருந்தது. கடைசி பெஞ்சில் ஒருத்தன், "கேக்கலே" என்றான். கேட்கவில்லையா, இந்தா கேள் என்று அடிவயிற்றிலிருந்து இழுத்து விட்டேன், ராகவாஆஆ என்று. தகரம் அதிர்ந்தது. ஒரு நிமிஷம் கொட்டகையில் மூச்சே இல்லை, அப்புறம் கைதட்டல், யாரோ ஓவென்று அழுகிறார்கள். அதிலிருந்து அதுவே நிலைத்துவிட்டது. அந்த ஒரு கத்தலுக்காக வருகிறார்கள். இரண்டாம் தடவை, மூன்றாம் தடவை வந்தவர்கள் அந்த இடம் வருவதற்கு முன்னாலேயே நிமிர்ந்து உட்கார்ந்துகொள்வார்கள், எனக்கு மேடையிலிருந்தே தெரியும், நாற்காலி எல்லாம் ஒன்றாகக் கிறீச்சிடும். மைக் சரியாகிவிட்டது, புது மைக், நெஞ்சுக்குள் நினைத்தாலே பின்வரிசைக்குக் கேட்கும். "இவ்வளவு வேண்டாம் பாக்கியம்மா, மைக்குதான் இருக்கே" என்று வரதன் ஒரு தடவை சொன்னார். அன்றைக்குக் குறைத்துக்கொண்டேன். கைதட்டல் குறைந்தது. வரதன் அதற்கப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

என் அம்மா கத்தினாளே, அவளுக்கு ஒன்றும் வரவில்லையே. மதுரையில் தலையில் பானையை வைத்துக்கொண்டு தெருத்தெருவாக மோர் விற்றாள். மோஓஓர் என்று முதல் தெருவில் ஆரம்பித்தால் மூன்றாம் தெருவில் சொம்பை எடுத்து வெளியே வைப்பார்கள். எனக்கு வெட்கமாக இருக்கும், பள்ளிக்கூடத்துக்குள் கேட்கும். நாடகக் கம்பெனியில் என்னைச் சேர்த்தபோது மேனேஜர் ஒரு பாட்டு பாடச் சொன்னார். பாட்டு வரவில்லை. "சரி, ஏதாவது கூப்பிடு, பாக்கலாம்" என்றார். அம்மாவைப் போல மோஓஓர் என்றேன், கொட்டகைக்கு வெளியே இருந்து ஒருத்தன் நிஜமாகவே காசோடு வந்துவிட்டான். அப்படிச் சேர்ந்ததுதான். அந்த மோரைத்தான் ராகவா என்று மாற்றி வைத்திருக்கிறேன், இந்த ஜட்ஜுக்குத் தெரியுமா, கிரேக்க தேசத்தில் மோர் விற்பார்களா. அங்கிருந்து புறப்பட்டுவிட்டார், இப்போது காளிதாசனிடம் இருக்கிறார். மூன்று மாசம் பேசாமல் எப்படி இருப்பது? காய்கறிக்காரியிடம் பேரம்கூடப் பேச முடியாது. பொழுது விடிந்தால் சாமி பேரைக்கூட வாய்விட்டுச் சொல்ல முடியாது. அப்புறம் வருகிற குரல் எந்தக் குரலாக இருக்கும்? எனக்கு இரண்டு இருக்கிறது. மேடையில் ஏறினால் "என்னடா கண்ணா, சாப்பிட்டயா, ஏன் இப்படி எளைச்சுப் போயிட்டே" என்று ஐயர் வீட்டுப் பேச்சு. அதை நான் திருவல்லிக்கேணியில் குழாயடியில் நின்று கேட்டுக் கேட்டுக் கற்றுக்கொண்டேன். வீட்டுக்குப் போனால், "ஏண்டா சபாபதி, அங்கிட்டு என்ன பண்றே" என்று என் பேச்சு. இரண்டையும் ஒரே நரம்பில்தான் வாசித்துக்கொண்டிருந்தேனா? அறுக்கும்போது ஒன்று போய் ஒன்று நிற்குமா? போகிறதானால் எது போகட்டும் என்று கேட்டால் எதைச் சொல்வேன்? சோறு போடுவது மேடைப் பேச்சு. கனவில் பேசுவது எது? யோசித்துப் பார்த்தால் கனவிலும் கொஞ்ச நாளாக ஐயர் வீட்டுப் பேச்சுதான் பேசுகிறேன். கனவில் ஒரு நாள் அம்மா வந்தாள், "நீ யாருடி?" என்று கேட்டாள். போதும். இதை இப்போது நினைக்க வேண்டாம். கத்தி வைக்கும்போது முழித்திருப்பேனா? கேட்க மறந்துவிட்டேன். மறக்கவில்லை, பேசக் கூடாது என்று சொல்லிவிட்டாரே. சபாபதியும் கேட்கவில்லை. அவனுக்கு மூன்று பெண்கள், துறைமுகத்தில் லாரிக்குச் சீட்டுக் கிழிக்கிற வேலை, வியாழக்கிழமை லீவு கேட்டால் கொடுப்பார்களோ மாட்டார்களோ என்று அதுதான் அவன் முகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. கொடுக்காவிட்டால் நான் தனியாகத்தான் போகவேண்டும். பெயர் என்ன, வயசு என்ன என்று அங்கே கேட்டால் யார் சொல்வது.

கைதட்டல். ஜட்ஜ் உட்கார்ந்துவிட்டார். பரிசு ஆரம்பித்துவிட்டது. சிறந்த காட்சி அமைப்பு, யாரோ ஒல்லியாக ஒருத்தர் மேடைக்கு ஓடி, கோப்பையை வாங்காமலேயே கும்பிட்டுவிட்டு இறங்கப் பார்த்தார், கூப்பிட்டுக் கொடுத்தார்கள். சிரிப்பு. சிறந்த நகைச்சுவை நடிகர் ஏறினதும் இன்னும் ஏதாவது செய்வார் என்று எல்லாரும் வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தார்கள். அவர் பாவம், காய்ச்சல்காரர் மாதிரி நின்று நன்றி என்று மட்டும் சொன்னார். அதற்கும் சிரித்தார்கள். சிறந்த நடிகர் வரதன். தோளில் பொன்னாடை விழுந்ததும் கண் கலங்கிவிட்டது அவருக்கு, மைக்கில் வாயை வைத்து, "இந்தக் கோப்பை எனக்கில்லே, எங்கம்மாவுக்கு. மேடையில எனக்குக் கெடச்ச அம்மா. அவா ஒரு குரல் குடுத்தா, எனக்கு முதுகு சிலிர்த்துப் போயிடும். நான் அந்த எடத்துல நடிக்கறதே இல்லே, சும்மா நிக்கறேன்" என்றார். எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் கையைக் கூப்பினேன். நிஜமாகச் சொல்கிறாரா, நடிக்கிறாரா? எதுவென்று அவருக்கே தெரியாது. ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் இருக்கிறதே, ராயப்பேட்டையில், டிக்கெட் எல்லாம் போய்விட்டது என்று சொன்னார்களே, இவரிடம் யார் எப்போது சொல்வது. இன்றைக்கு விழா முடிந்து எல்லாரும் காபி குடிக்கும்போது சபாபதியை விட்டுச் சொல்லச் சொல்லலாம் என்று நினைத்தேன், சபாபதி வரவில்லை, இரவு ஷிப்ட். இருமல் வருகிறது. இருமக் கூடாது. அடக்கினால் கண்ணில் தண்ணீர் வருகிறது, வரதன் பேசியதற்கு அழுகிறேன் என்று பின்னால் ஒரு அம்மாள் சொல்கிறாள். பையிலிருந்து சின்னப் பிளாஸ்க்கை எடுத்து வெந்நீரை ஒரு மடக்கு விட்டுக்கொண்டேன். மூடி கை தவறிக் கீழே விழுந்தது. ஜெயமணி குனிந்து எடுத்தாள். கொடுக்கவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டு மெதுவாக, "எத்தனை நாளா?" என்றாள். நான் மேடையைப் பார்த்தேன். "யாரும் கேக்கலே, எனக்கு மட்டும் சொல்லு. பேசக் கூடாதுன்னுட்டாங்களா?" நான் மேடையையே பார்த்தேன். தொங்கிக்கொண்டிருந்த ஏழு இன்னும் விழவில்லை. அவள் மூடியைப் பிளாஸ்க்கில் வைத்து, பிள்ளைக்குச் சட்டைப் பொத்தான் போடுகிற மாதிரித் திருகி, என் மடியில் வைத்தாள்.

"சிறந்த நடிகை, 'அடுத்த வீட்டு விளக்கு' நாடகத்தில் தாயாக வாழ்ந்து காட்டிய திருமதி தனபாக்கியம் அவர்கள்!" எழுந்தேன். முழங்கால் பிடித்துக்கொண்டது. படி நாலுதான், மலை மாதிரி இருக்கிறது. இத்தனை வருஷமாக மேடைக்குப் பின்பக்கமாக ஏறியே பழக்கம், முன்பக்கமாக ஏறினால் எந்தக் காலை வைப்பது என்று தெரியவில்லை. பொன்னாடை, ஒரே ஜரிகை, கழுத்தில் குத்துகிறது. கோப்பை எதிர்பார்த்ததைவிட லேசாக இருந்தது. ஜட்ஜ் என்னவோ சொன்னார், கும்பிட்டேன். சபைக்குக் கும்பிட்டேன். இறங்கிவிடலாம், முடிந்துவிட்டது, ஒருவருக்கும் தெரியாமல் முடிந்துவிட்டது. திரும்பினேன். பின்னாலிருந்து ஒரு குரல், "ராகவா!" விளையாட்டாகத்தான். இன்னொரு குரல், "ராகவா சொல்லுங்கோ!" அப்புறம் பக்கவாட்டில் பெண்கள் பக்கமிருந்து, "ஒரு தடவை மாமி!" தாளம் போட ஆரம்பித்துவிட்டார்கள், ரா-க-வா, ரா-க-வா, தகரக் கூரை முழுக்க அந்தப் பேர். பஞ்சாபகேசன் கை நிறைய வளையல் வாங்கிக் கொடுத்தவர் மாதிரிச் சிரித்துக்கொண்டு மைக்கை என் உயரத்துக்கு இறக்கினார். "ஒரே ஒரு தடவை பாக்கியம்மா. ஜனங்க ஆசைப்படறா. ஒரே ஒரு தடவை." டாக்டரும் அதையேதான் சொன்னார், ஒரே ஒரு தடவை. மாட்டேன் என்று தலையாட்டினேன். பிகு பண்ணிக்கொள்கிறேன் என்று நினைத்து இன்னும் பலமாகத் தட்டினார்கள். வரதன் மேடை ஓரத்தில் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றுவிட்டார், வாசல்படியில் நிற்கிற மாதிரியே, அந்தத் தோள், அந்தக் குனிவு. கொட்டகை அடங்கியது. நாற்காலிகள் கிறீச்சிட்டன. அந்தக் கிறீச்சைக் கேட்டதும் என் வயிறு தானாக இறுகியது, என்னைக் கேட்கவில்லை, மூச்சு தானாக உள்ளே போய் நிறைந்தது. எவ்வளவு களைப்பாக இருக்கிறது. சொல்லிவிட்டால் என்ன. எழுதிக் காட்டி, சைகை காட்டி, ஒவ்வொருவருக்காக விளக்கி, பாவம் என்று பேர் வாங்கி, மூன்று மாசம் காத்திருந்து, கடைசியில் வாயைத் திறந்தால் காற்று மட்டும் வருகிறது என்று தெரிந்துகொள்வதைவிட, இதோ இவ்வளவு பேர் நடுவில், விளக்கு வெளிச்சத்தில், முழுசாக ஒரு தடவை கத்திவிட்டுப் போய்ப் படுத்துவிடலாம். கிழியட்டும். இவர்கள் இதற்குத்தானே கொடுத்தார்கள் கோப்பையை. வாங்கிக்கொண்டு கொடுக்காமல் எப்படி இறங்குவது. வாயைத் திறந்தேன். நாக்கு இறங்கி வழிவிட்டது. தொண்டை திறந்தது, அதன் அடியில் அந்த மிளகு இருப்பது எனக்குத் தெரிந்தது.

"ராகவா."

நான் சொல்லவில்லை. கீழேயிருந்து வந்தது. முன்வரிசையில் ஜெயமணி எழுந்து நின்றிருந்தாள், முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, கரண்டி பிடித்த மாதிரி ஒரு கை. கத்தவில்லை அவள். பக்கத்து அறையில் தூங்குகிறவனை எழுப்பலாமா வேண்டாமா என்று தெரியாமல் கூப்பிடுகிற மாதிரி, பாதி அவனுக்கு, பாதி தனக்கு. அந்த 'வா' நீளவே இல்லை. வந்து, நின்று, அவ்வளவுதான் என்று கையை விரித்துவிட்டது. மைக் அவளுக்குக் கிடையாது, இருந்தும் கடைசி பெஞ்சு வரை போனது, ஏனென்றால் எல்லாரும் எனக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள், அந்த மௌனத்தை அவள் எடுத்துக்கொண்டாள். மேடை ஓரத்தில் வரதன் திரும்பிவிட்டார். நாடகத்தில் அவர் திரும்பக் கூடாது. இத்தனை ஆட்டத்தில் ஒரு தடவை திரும்பியதில்லை. இன்றைக்குத் திரும்பி, யார் கூப்பிட்டது என்று கீழே பார்த்துக்கொண்டு நிற்கிறார், முகத்தில் நடிப்பு ஒரு துளி இல்லை. முதலில் எனக்கு ஆத்திரம்தான் வந்தது. என் இடம் அது. அம்மாவின் மோரிலிருந்து நான் எடுத்து வைத்த இடம். திருடி, இத்தனை வருஷம் காத்திருந்து, நான் கோப்பையோடு நிற்கும்போது. மூச்சு நெஞ்சில் அப்படியே இருந்தது, வெளியே போக வழியில்லாமல். அப்புறம் அது மெதுவாக, சத்தமில்லாமல், மூக்கு வழியாகப் போனது. ஆத்திரமும் அதோடு போய்விட்டது, பிடித்து வைக்கத் தெம்பில்லை. இப்படியும் சொல்லலாமா இதை? இப்படித்தான் சொல்லவேண்டுமா? அந்த முதல் நாள் மைக் சாகாமல் இருந்திருந்தால் நான் எப்படிச் சொல்லியிருப்பேன்? ஒத்திகையில் எப்படிச் சொன்னேன், நினைவில் இல்லை, எவ்வளவு தேடியும் இல்லை. ஒருவேளை இப்படித்தானோ. மெதுவாகச் சொல்லியிருந்தால் அந்தத் தாய்க்கும் போதும், அவனுக்கும் போதும், தொண்டையும் இருந்திருக்கும். அவன் திரும்பியும் இருப்பான். கைதட்டல் தாமதமாக ஆரம்பித்தது, பின்னாலிருந்து, மழை தகரத்தில் விழுகிற மாதிரி முதலில் இரண்டு மூன்று, பிறகு மொத்தமாக. ஏற்பாடு பண்ணி வைத்திருந்தார்கள் என்று நினைத்துவிட்டார்கள். "இரண்டு தாயார்! நம்ம பாக்கியம்மாளும் ஜெயமணியம்மாளும் சேர்ந்து நமக்கு ஒரு விருந்து வெச்சுட்டா!" என்று பஞ்சாபகேசன் மைக்கில் கூவினார். நான் திறந்த வாயை மூடினேன். கும்பிட்டேன். படி இறங்கினேன்.

வந்து உட்கார்ந்தேன். ஜெயமணி என்னைப் பார்க்கவில்லை, முந்தானையை இடுப்பிலிருந்து எடுத்து நீவிக்கொண்டிருந்தாள். "கோவிச்சுக்காதே" என்றாள் மேடையைப் பார்த்துக்கொண்டே. "நீ வாயைத் தொறந்ததும் உன் கழுத்து நரம்பு பொடைச்சுது. என் ஓரகத்திக்கு இதேதான், கோயில்ல பஜனை பாடுவா, ஆபரேஷனுக்கு முந்தின நாள் பாடினா. இன்னிக்கு வரைக்கும் ஊமை." வெற்றிலைப் பெட்டியை மூடினாள். "உன் குரல் உடையறது எனக்கு அப்பவே தெரியும். நானே டிக்கெட் வாங்கிப் பின்னால உக்காந்து கேட்டேன், எப்ப போவும், எப்ப எனக்கு வரும்னு. பொய் எதுக்குச் சொல்லணும்." நான் அவளைப் பார்த்தேன். வெற்றிலைச் சாறு உதட்டோரம் ஒழுகிக் காய்ந்திருந்தது, கண் ஓரத்தில் மை கலைந்திருந்தது. எவ்வளவு வயசாகிவிட்டது இவளுக்கு. எனக்கும் இதே வயசுதான். வரதன் நாற்காலிகளுக்கு நடுவில் குனிந்து குனிந்து வந்து எங்கள் பின்னால் உட்கார்ந்தார். "பாக்கியம்மா, என்ன இது, எனக்கு ஒண்ணும் புரியலே. ஏன் நீங்க சொல்லலே? ஞாயித்துக்கிழமை ராயப்பேட்டை இருக்கே, ஒடம்பு கிடம்பு சரியில்லையா?" இப்போது தலையாட்டினால் இன்னும் ஒரு வாரம் ஓட்டலாம். மூன்று மாசத்தையும்கூட ஏதாவது சொல்லி ஓட்டிவிடலாம், சபாபதி வந்து காசிக்குப் போயிருக்கிறாள் என்பான். எல்லாவற்றுக்கும் தலையாட்டிச் சிரித்து அலுத்துவிட்டது. கழுத்தில் சுற்றியிருந்த முந்தானையை எடுத்தேன். தொண்டையைத் தொட்டுக் காண்பித்து, இல்லை என்று கையை விரித்தேன். அவருக்குப் புரிய நேரமாயிற்று. புரிந்ததும் கோப்பையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார். நான் ஜெயமணியின் மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கி அவர் பக்கம் காண்பித்தேன். "ஞாயித்துக்கிழமையா?" என்றாள் அவள். "எனக்கு வசனமெல்லாம் தெரியும். ஆனா நான் கத்த மாட்டேன். கத்தச் சொன்னா வேற ஆள் பாத்துக்குங்க." "கத்த வேண்டாம்" என்றார் வரதன். "கத்தவே வேண்டாம்மா." அம்மா என்று அவளைச் சொன்னார். ஒரு முள் குத்தி எடுத்த மாதிரி இருந்தது, அவ்வளவுதான். அவர் எழுந்து போனார். ஜெயமணி கையை விடுவித்துக்கொள்ளவில்லை. "ஆஸ்பத்திரிக்கு யாரு வர்றாங்க உன்கூட?" என்றாள். நான் மடியிலிருந்த கோப்பையைப் பார்த்தேன். "யாரும் இல்லைனா நான் வர்றேன். பேரு, ஊரு எல்லாம் நான் சொல்லிக்கறேன். வயசு மட்டும் குறைச்சுச் சொல்றேன், இரண்டு பேருக்கும் சேத்து." நன்றியுரையை யாரோ படித்துக்கொண்டிருந்தார்கள், பந்தல்காரர், ஒலிபெருக்கிக்காரர், பூக்கடைக்காரர் என்று பேர் பேராக. அப்புறம் எல்லாரும் எழுந்தார்கள், நாற்காலிகள் பின்னால் நகர்ந்தன, தேசிய கீதம் ஆரம்பித்தது. ஜட்ஜ் ஒரு சுருதியில், பஞ்சாபகேசன் ஒரு சுருதியில், ஜெயமணி எதிலும் சேராமல் என் காதுக்குள் பாடினாள். நான் வாயை மூடிக்கொண்டு நேராக நின்றேன். இத்தனை பேர் பாடுகிற இடத்தில் ஒருத்தி பாடாவிட்டால் யாருக்கும் தெரியாது. எனக்கு வியாழக்கிழமையை நினைத்துப் பயமாகத்தான் இருந்தது. ஆனால் கொட்டகையில் ஒரு ஜீவன்கூட என் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. கால் வலித்தது, நின்றேன்.